பூவுக்கு ஒரு வழி, ரப்பருக்கு ஒரு வழி

ஒரு சரக்கு விளையும் இடத்திலிருந்து பயன்படுத்துவோர் கைக்குச் சேரும்வரை நடக்கும் கொள்முதல், பக்குவப்படுத்தல், இருப்பு, போக்குவரத்து ஆகியவற்றின் தொடர்ச்சியே விநியோகச் சங்கிலி எனப்படுகிறது. தேவை சீராக உள்ள பொருளுக்குச் செலவைக் குறைக்கும் சங்கிலியும், தேவையைக் கணிக்க இயலாத பொருளுக்கு விரைந்து ஈடுகொடுக்கும் சங்கிலியும் ஏற்றவை என்று 1997இல் அமெரிக்கப் பேராசிரியர் மார்ஷல் ஃபிஷர் வகுத்துக் காட்டினார். அந்தப் பாகுபாடு எதுவரை உதவும் என்பதைக் குமரி மாவட்டத்தின் இரு விளைபொருள்கள் தெளிவாக்குகின்றன.

குலசேகரம் வட்டாரத்தில் அதிகாலையில் வெட்டப்படும் ரப்பர் பால், ஃபார்மிக் அமிலத்தால் உறையவைக்கப்பட்டு, உருளைகளில் அழுத்தப்பட்டு, புகையூட்டி உலர்த்தப்பட்டால், ஷீட்டாக மாதக்கணக்கில் இருப்பில் நிற்கும். கோட்டயம் ரப்பர் சந்தை விலையைப் பார்த்து விற்கும் நாளைத் தேர்வுசெய்ய இது இடம் தருகிறது. ஆனால் புகைக்கூடமும் காத்திருக்கும் வசதியும் இல்லாத சிறு விவசாயி அன்றன்றே பாலாக விற்றுவிட நேர்கிறது.

தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சிக்கும் மல்லிகைக்கும் காத்திருப்பு என்பதே கிடையாது; மொட்டாகப் பறித்த பூ, விரிந்து வாடுமுன் கேரளத்துக் கடைகளை எட்டியாக வேண்டும். ஆயினும் இங்கே தேவை புதிரானதன்று. அத்தம் முதல் திருவோணம் வரையிலான பத்து நாள்களும், முகூர்த்த நாள்களும் பஞ்சாங்கத்தில் முன்பே குறிக்கப்பட்டவை. நிச்சயமற்றது, மழையும் பனியும் தீர்மானிக்கும் வரத்துதான். ஃபிஷரின் வகைப்பாட்டோடு இந்த வரத்து நிச்சயமின்மையையும் சேர்க்க வேண்டும் என்று 2002இல் பேராசிரியர் ஹாவ் லீ எழுதியது தோவாளைக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆகவே உத்தியும் பூவுக்குப் பூ மாற வேண்டும். நட்ட ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும் கேந்தியை ஓணத்திலிருந்து பின்னோக்கி எண்ணி நடலாம். பிச்சிக்கு அந்தக் கணக்கு செல்லாததால், ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர்த் தோட்டங்களை மட்டும் நம்பாமல் பல ஊர் வரத்தையும் வியாபாரி கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்கமாலையிலோ, பூவின் எடையைவிடக் கைவேலையே விலையைத் தீர்மானிக்கிறது.

வேகத்துக்கான விலையைப் பெரும்பாலும் விவசாயியே சுமக்கிறார் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெருங்குறை. வரத்து மிஞ்சும் நாளில் பறிகூலிகூடத் தேறாமல் போகிறது. கேந்திக்கு நடவுக்கு முன்பே அளவும் விலையும் பேசி முடிப்பதும், நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பகுதிகளில் உள்ளதுபோல் மிஞ்சும் மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலையைக் குமரியில் நிறுவுவதும் அந்தச் சுமையை வியாபாரியோடும் ஆலையோடும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும்.