வீட்டிலிருந்தே அயல்நாட்டுப் பணி: வருமானம் வருமானமாகப் பதிவாகட்டும்

வீட்டுக் கடன் வேண்டி எங்கள் கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். வணிகவியல் பட்டதாரி, குழந்தை பிறந்தபின் அலுவலக வேலையை விட்டவர். மூன்று ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவில் வீடு விற்பனை முகமை நடத்தும் ஒருவருக்கு வீட்டிலிருந்தபடியே உதவியாளராகப் பணியாற்றி வந்தார். மின்னஞ்சல்களுக்கு மறுமொழி அனுப்புதல், சந்திப்பு நேரங்களைக் குறித்தல், கணக்குகளைச் சரிபார்த்தல் ஆகியவை அவருடைய வேலைகள். மாதந்தோறும் தவறாமல் பணம் வந்திருந்தது. ஆயினும் அந்த வருமானத்தைக் கடனுக்கான தகுதியில் சேர்த்துக்கொள்ள எங்களால் இயலவில்லை.

காரணம் எளியது. அயல்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் ரிசர்வ் வங்கி வகுத்துள்ள நோக்கக் குறியீடு ஒன்று உண்டு. முதல் முறை பணம் வந்தபோது நோக்கம் கேட்கப்பட்டதும், பட்டியலில் கண்ணில் பட்ட 'குடும்பப் பராமரிப்பு' என்பதை அவர் தேர்ந்தெடுத்துவிட்டார். அது பி1301, அயல்நாடுவாழ் இந்தியர் தம் குடும்பத்துக்கு அனுப்பும் பணத்துக்கு உரியது. உழைத்து ஈட்டிய ஊதியம் மூன்று ஆண்டுகளும் உறவினர் அனுப்பிய பணமாகவே ஏட்டில் நின்றது. வருமான வரி அறிக்கையும் தாக்கலாகவில்லை. கையில் ஒப்பந்தமும் இல்லை.

'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்' எனப்படும் இத்தொழிலைத் தொடங்கப் பெரிய முதலீடு தேவையில்லை. நல்ல கணினி, தடையற்ற இணையம், மின்வெட்டைச் சமாளிக்க இன்வெர்ட்டர் ஆகியன போதும். இவற்றுக்கும் பணம் இல்லாதோர் முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கேட்கலாம். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளம் அரசினுடையது அன்று. எந்த நாட்டவருக்குப் பணியாற்றுவது என்பதையும் முன்பே எண்ணிப் பார்ப்பது நலம். நியூயார்க் நமக்கு ஒன்பதரை முதல் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. அங்குள்ளோர்க்கு அலுவல் நேரம் நமக்கு இரவு. சிட்னி நாலரை முதல் ஐந்தரை மணி நேரம் முந்தியது. விடியற்காலையில் எழுந்தால் நண்பகலுக்குள் வேலை முடிந்துவிடும். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இது பெரும் வேறுபாடு.

பணம் பெறும் முறைக்கு வருவோம். அயல்நாட்டு வாடிக்கையாளருக்குக் கணக்கு எண்ணுடன் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டையும் தர வேண்டும். உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கான ஐ.எஃப்.எஸ்.சி. மட்டும் போதாது. பெயர் பாஸ்புத்தகத்தில் உள்ளவாறே இருக்கட்டும். இடையில் உள்ள வங்கிகள் தம் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு. எனவே 300 டாலர் அனுப்பியதாக அவர் சொல்வதும், உங்கள் கணக்கில் அதைவிடக் குறைவாக வந்து சேர்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். அக்கட்டணத்தை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாரந்தோறும் சிறு தொகையாகப் பெறுவதைவிட மாதம் ஒருமுறை பெறுவதால் இந்த இழப்பு குறையும்.

நோக்கக் குறியீடு பணியின் தன்மையைப் பொறுத்தது. வணிக, மேலாண்மை ஆலோசனைச் சேவைகளுக்கு பி1006. தரவுச் செயலாக்கத்துக்கு பி0803. ஐயம் இருப்பின், முதல் தொகை வருவதற்கு முன்பே ஒப்பந்த நகலுடன் கிளையில் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் அயல்நாட்டு வரவு அறிவிப்பையும், நீங்கள் அனுப்பிய இன்வாய்ஸையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். தொழில் வரவுகளுக்கு நடப்புக் கணக்கே உரியது. அதில் வட்டி கிடையாது என்று தயங்குவோர் பலர். சேமிப்புக் கணக்கு தொழில் பரிவர்த்தனைகளுக்காக ஏற்பட்டது அன்று என்பதே எங்கள் மறுமொழி.

வரி பற்றிச் சுருக்கமாக: சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு பொதுவாக ஆண்டுக்கு 20 இலட்சம் ரூபாய். சில மாநிலங்களில் 10 இலட்சம். பதிவு செய்தவர், நிதியாண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்து, வரி செலுத்தாமலே சேவையை ஏற்றுமதி செய்யலாம். அது ஏற்றுமதிதான் என்று காட்ட மேற்சொன்ன வரவு அறிவிப்பே உதவும். வருமான வரி இதனினும் வேறு. ஆண்டுக்கான வரி 10,000 ரூபாயை எட்டினால் முன்கூட்டிய வரியும் செலுத்த வேண்டும். உங்கள் பணி தொழில்முறைச் சேவையா, வணிகமா என்பதை ஆடிட்டர் ஒருவரிடம் தொடக்கத்திலேயே கேட்டறிவது நலம்.

இதனினும் கவலை தருவது ஒன்றுண்டு. 'பணப் பரிமாற்ற உதவியாளர் தேவை. வீட்டிலிருந்தே பணி' என்னும் விளம்பரங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். உங்கள் கணக்குக்கு ஒரு தொகை வரும். ஒரு பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். வருவது பெரும்பாலும் யாரோ ஒருவர் ஏமாந்து இழந்த பணம். அவர் புகார் அளித்ததும் முதலில் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. புகார் பதிவான மாநிலம் எதுவோ, அங்குள்ள காவல்துறைக்கு நீங்கள் விளக்கம் தர வேண்டிவரும். முதலாளியின் பெயரும் முகவரியும் பொய்யென்பது அப்போதுதான் தெரியவரும்.

உண்மையான உதவியாளர் தம் முதலாளியின் கணக்குவழக்குகளைப் பார்ப்பதுண்டு. ஆனால் முதலாளியின் பணம் முதலாளியின் கணக்கிலேயே இருக்கும். உங்கள் கணக்கின் வழியே அது செல்ல வேண்டும் என்று எவரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். தெரியாமல் சிக்கிக்கொண்டால் வந்த தொகையைத் தொடாமல், கிளைக்கும் 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். வேலை தருமுன் 'பதிவுக் கட்டணம்' கேட்போரையும் இவர்களோடு சேர்த்தே எண்ணலாம்.

வீட்டுக் கடன் கேட்டு வந்தவர் அன்று மனம் வருந்தியே திரும்பினார். முதல் வரவின்போதே அவருக்கு விளக்கியிருக்கலாமே என்னும் குறை எங்களுக்கும் இருந்தது. பின்னர் முதலாளியிடமிருந்து எழுத்து வடிவில் ஒப்பந்தம் பெற்றார். நடப்புக் கணக்கு தொடங்கினார். தவறிய ஆண்டுகளுக்குக் கூடுதல் வரியுடன் புதுப்பித்த அறிக்கை தாக்கல் செய்தார். பழைய வரவுகளின் குறியீட்டைத் திருத்தக் கோரி, இன்வாய்ஸ்களை இணைத்து எழுதித் தந்தார். அவருடைய புதிய கடன் விண்ணப்பம் இப்போது எங்கள் பரிசீலனையில் உள்ளது. இம்முறை அதனுடன் ஒரு தடித்த கோப்பும் வந்திருக்கிறது.