காதுக்குத் தெரியுமா கம்பியின் விலை?

பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு ஜோடிக் கம்பி. விலை 7,250 டாலர்!

தங்கக் கம்பியோ என்று கேட்பீர்கள். தங்கமானால் இன்னும் மோசம். மின்சாரத்தைக் கடத்துவதில் அது தாமிரத்துக்கு ஒரு படி கீழேதான். இது வெறும் ஸ்பீக்கர் கம்பி. ஆம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகிற கம்பி. அமெரிக்காவில் 'பேர் கேபிள்' என்ற கம்பெனி 'ஆன்ஜூ' என்று பெயரிட்டு இதை விற்றது.

2007-ம் ஆண்டில் ஜேம்ஸ் ராண்டி என்பவர் இதைப் பற்றி ஒரு சவால் விட்டார். ஜாலவித்தைக்காரராக இருந்து, பிறகு பிறருடைய ஜாலங்களை வெளிப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர் அவர். இந்தக் கம்பிக்கும் சாதாரண ஆடியோ கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை, கண்ணால் பாராமல் காதால் மட்டும் கேட்டுச் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்றார். பேச்சு வார்த்தை நடந்தது. கடைசியில் கம்பெனி விலகிக்கொண்டது. சோதனை நடக்கவே இல்லை.

கேள்வி மட்டும் மிஞ்சியது. கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி, நம் கையாலேயே முறுக்கிய கம்பி இந்த ராஜாக் கம்பிக்கு ஈடு கொடுக்குமா?

கணக்கு என்ன சொல்கிறது?

எந்தக் கம்பியும் மின்சாரத்துக்குக் கொஞ்சம் தடை செய்யும். அந்தத் தடையை 'ஓம்' கணக்கில் அளப்பார்கள். ஸ்பீக்கரின் தடை சாதாரணமாக 8 ஓம். கம்பியின் தடை அதில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல், அதாவது 0.4 ஓமுக்கு மேல், போகாதிருந்தால் போதும் என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு.

ஸ்பீக்கர் 10 மீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போக 10, வர 10, ஆக 20 மீட்டர் தாமிரம். அரை சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய ஒயரானால் தடை சுமார் 0.7 ஓம். தேறாது. ஒன்றரை சதுர மில்லிமீட்டரானால் 0.23 ஓம். தேறும். இரண்டரையானால் 0.14 ஓம். பிரமாதமாகத் தேறும்!

சரி, வெள்ளிக் கம்பியே போட்டால்? அதே பருமனில் தடை நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் குறையும். 0.14 ஓம் 0.13 ஆகும், அவ்வளவுதான். தாமிரக் கம்பியைச் சற்றே தடிமனாக வாங்கினால் அந்த லாபம் சில ரூபாயில் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஸ்பீக்கருக்குள்ளே கூம்பை ஆட்டுகிற சுருளில் பல மீட்டர் மெல்லிய கம்பி சுற்றியிருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரில் அந்தச் சுருளின் தடை மட்டும் ஏறக்குறைய 6 ஓம். வாசல்வரை ராஜபாட்டை போட்டாலும், உள்ளே போகிற வழி ஒற்றையடிப் பாதைதான்!

கொட்டகையில் பிறந்த ராஜா

முன்பெல்லாம் அமெரிக்காவில் மேஜை விளக்குக்குப் போடும் ஒயரையே ஸ்பீக்கருக்கும் போட்டார்கள். அதை மாற்றியவர் நோயல் லீ. சான் பிரான்ஸிஸ்கோவைச் சேர்ந்த இஞ்ஜினீயர், சங்கீதப் பைத்தியமும்கூட. பலவிதக் கம்பிகளை வீட்டில் மாட்டி மாட்டிக் கேட்டுப் பார்த்தார். தடித்த கம்பியே மேல் என்ற முடிவுக்கு வந்தார். கார் கொட்டகையில் தாமே கம்பிகளைத் தயாரித்து, 1979-ல் 'மான்ஸ்டர் கேபிள்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். அது எவ்வளவு வளர்ந்தது தெரியுமா? 2004-ல் அந்த நகரத்தின் பெரிய விளையாட்டு அரங்குக்கே பணம் கொடுத்துத் தன் பெயரைச் சூட்டியது. 2008 வரை அதற்கு 'மான்ஸ்டர் பார்க்' என்றே பெயர்.

ஆக, விலை உயர்ந்த கம்பிக்கும் பூர்வோத்தரம் வீட்டுக் கைவேலைதான்!

கண்ணை மறைத்தால்?

மெக்கின்டாஷ் என்ற பிரபல ஆம்பிளிபயர் கம்பெனியின் தலைவராக இருந்தவர் கார்டன் கௌ. ரசிகர்களைக் கூட்டி வைத்து, விலை உயர்ந்த தடித்த கேபிளையும் சாதாரண விளக்கு ஒயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவார். எது எதென்று கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

1983 ஆகஸ்டில் 'ஸ்டீரியோ ரெவியூ' என்ற அமெரிக்கப் பத்திரிகை மூன்று கம்பிகளைப் பரீட்சை செய்தது. மான்ஸ்டர் கேபிள், 16 கேஜ் விளக்கு ஒயர், மிக மெல்லிய 24 கேஜ் ஒயர் ஆகிய மூன்று. 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைப் போட்டபோது மெல்லிய கம்பி அகப்பட்டுக்கொண்டது. ஆனால் விளக்கு ஒயரும் மான்ஸ்டரும் சங்கீதத்தில் ஒன்றாகவே ஒலித்தன!

இதிலிருந்து தெரிவது என்ன? கம்பி மெலிந்தால் காதுக்குத் தெரியும். போதிய பருமன் வந்துவிட்ட பிறகு விலை ஏறினால், அது பைக்கு மட்டுமே தெரியும்.

வீட்டிலேயே செய்யலாம்

சுலபமான முறை இது. இரண்டரை சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று வாங்கி, ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். முறுக்குவதால் இரண்டும் நெருங்கியிருக்கும். உச்ச ஸ்வரங்களுக்கு ஏற்படும் தடங்கல் குறையும்.

கைவேலையில் ஆசையுள்ளவர்களுக்கு இன்னொரு முறை. கம்ப்யூட்டர்களை இணைக்கும் 'கேட்-5' ஒயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் உண்டு. நான்கு முழு நிறம். நான்கு வெள்ளை கலந்தவை. இப்படி மூன்று ஒயர்களை ஜடை பின்னுவதுபோலப் பின்னுங்கள். முழு நிறக் கம்பிகள் பன்னிரண்டையும் ஒன்றாக்கினால் பிளஸ். வெள்ளை கலந்த பன்னிரண்டும் மைனஸ். பன்னிரண்டு கம்பிகளின் பருமனையும் கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய அதே இரண்டரை சதுர மில்லிமீட்டர்!

ஜாக்கிரதை!

மலிவுச் சரக்கில் தாமிரம் பூசிய அலுமினியம் கலந்து வரும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்; அது வேண்டாம்.

பிளஸ்ஸும் மைனஸும் தொட்டுக்கொண்டால் ஆம்பிளிபயர் எரிந்துபோகக்கூடும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் அவை இடம் மாறினால் மிருதங்கத்தின் 'தொம்' மெலிந்துவிடும்.

பல கம்பிகளை நெருக்கிப் பின்னும்போது, சில ஆம்பிளிபயர்கள் அதைத் தாங்காமல் தடுமாறுவதும் உண்டு. நீளம் அதிகமானால் முதல் முறையே உத்தமம். பின்னிய கம்பியை வீட்டு மின்சாரத்துக்கு ஒருநாளும் உபயோகிக்கக் கூடாது.

நீங்களே நீதிபதி

நண்பர் விலை உயர்ந்த கம்பி வைத்திருக்கிறாரா? இரவல் வாங்குங்கள். வேறொருவரைக் கொண்டு, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல், நாணயத்தைச் சுண்டி விழுந்தபடி இரண்டில் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். ஒரே பாட்டு, ஒரே சத்தம். சற்றே உரக்க ஒலிப்பது எதுவானாலும் நயமாகத் தோன்றும் என்பதை மறக்க வேண்டாம். பத்துத் தடவை கேட்டு எழுதி வையுங்கள். குருட்டாம் போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ சரியானால் உங்கள் காதை மெச்ச வேண்டியதுதான். குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வருவது நூற்றில் ஒரு தடவை மட்டுமே.

விலை உயர்ந்த கம்பியில் ஒன்றுமே இல்லை என்பதல்ல. மேலுறை உறுதியாக இருக்கும், முனைகள் பளபளக்கும், பார்க்க லட்சணமாக இருக்கும். அதற்கு உரிய விலை கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் சங்கீதம் அதற்காகக் கூடுதலாக இனிக்காது. மிச்சமாகும் பணத்தில் நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து வாங்குங்கள். அந்த வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்!