கரையைப் புரட்டிப் பாருங்கள்!

ஜவுளிக்கடையில் புடவையை விரித்ததும் நம் கண் முந்தானைக்குப் போகும். நெசவு தெரிந்தவர்கள் கரையைப் பிடித்து, புரட்டி, உள்பக்கம் பார்ப்பார்கள். கைவேலைக்கு அங்கேதான் சாட்சி இருக்கிறது.

பட்டில் கோர்வை

காஞ்சிபுரத்தின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே இழையோடு இழை கோத்துச் சேர்க்கிறார்கள். இதற்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளரின் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கைகொடுக்க வேண்டும். சாதாரணப் புடவையில் உடலின் ஊடை இழை கரைக்குள்ளும் ஓடுவதால், கரை நிறம் கலங்கித் தெரியும். கோர்வையில் மாம்பழ மஞ்சள் முடிகிற இடத்தில் அரக்குச் சிவப்பு சுத்தமாகத் தொடங்கும். முந்தானையும் தனி நிறமென்றால், நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளையே மாற்றி இணைத்திருப்பார்கள். அதன் பெயர் பேட்னி.

முத்திரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சில்க் மார்க் சொல்வது ‘இது அசல் பட்டு’ என்பதை மட்டுமே. விசைத்தறியில் ஓடிய பட்டுக்கும் அது கிடைக்கும். கையால் நெய்ததா என்று அறிய, 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க்கைத் தேடுங்கள்.

சுங்குடியில் புள்ளி

மதுரை சுங்குடி, சௌராஷ்டிர சமூகத்தின் கைவண்ணம். பருத்தித் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிந்து, சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாததால் அந்த இடம் வெள்ளையாக நின்றுவிடும். 2005-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அச்சடித்த புடவையும் இன்று சுங்குடி என்றே விற்பனையாகிறது. வித்தியாசம் காண்பது எளிது. முடிந்த புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. தடவினால் துணி லேசாகப் புடைத்திருக்கும். அச்சுப் புள்ளிகளோ எல்லாம் ஒரே அளவு, தடவினால் வழவழ.

வடசேரிக் கெம்பு

நாகர்கோவிலில் உள்ள வடசேரியில் செய்யும் கோயில் நகைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் என்று பரதநாட்டிய மேடையில் பார்ப்பவைதான். வெள்ளியில் கூடு கட்டி, அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கற்களைப் பதித்து, தங்கத் தாளை விளிம்பில் அழுத்துகிறார்கள். மலிவான நகலில் கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். எனவே நகையையும் திருப்பிப் பாருங்கள். அடித்தளம் என்ன உலோகம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கோ-ஆப்டெக்ஸ், பூம்புகார் போன்ற அரசு சார்ந்த கடைகளில் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்.

அணிவது எப்படி?

முழு செட்டையும் கல்யாணத்துக்கென்று பூட்டி வைக்க வேண்டாம். வெள்ளைப் பருத்திப் புடவைக்கு ஒரு கெம்பு ஜிமிக்கி போதும். சித்திரை வெயிலில் அலுவலகத்துக்குச் சுங்குடியை மிஞ்ச ஆளில்லை. முதல் சலவையைத் தனியாக, கல்லுப்பு கரைத்த தண்ணீரில் போட்டு, நிழலில் உலர்த்துங்கள். சென்ட் அடித்து முடித்த பிறகே கெம்பு நகையைப் பூட்டுங்கள். கழற்றியதும் வியர்வையைத் துடைத்து வையுங்கள்.

பட்டுப் புடவையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் சரிகை அந்த இடத்திலேயே விட்டுப்போகும். அடிக்கடி எடுத்துக் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கட்டுகிறவர்கள்தான் அடுத்த புடவையும் வாங்குவார்கள். தறிக்கு அடுத்த பாவு ஏறுவதும் அவர்களால்தான்.