செங்குமிழ் நட்சத்திர மீன்

செங்குமிழ் நட்சத்திர மீன் என்பது இந்தியப் பெருங்கடலின் ஆழமற்ற பகுதிகளில் வாழும் ஒரு முட்தோலி ஆகும். இதன் அறிவியல் பெயர் புரோட்டோரியாஸ்டர் லின்கி. தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும், கடற்புல் படர்ந்த மணற்பாங்கான அடித்தளத்தில் இதைக் காணலாம். பெயரில் மீன் இருந்தாலும் இதற்கு முதுகெலும்பு, செவுள், துடுப்பு எதுவும் இல்லை. கடல் அட்டையும் கடல் முள்ளெலியும் இதே தொகுதியைச் சேர்ந்தவை.

உடலமைப்பு

வெளிறிய சாம்பல் நிற உடலில் ஐந்து கைகள் உள்ளன. மேற்புறத்தில் சிவப்புக் குமிழ்கள் வரிசையாக நிற்க, அவற்றைச் சிவப்புக் கோடுகள் வலை போல இணைக்கின்றன. முழு வளர்ச்சி பெற்றது 30 செ.மீ. அகலம் வரை இருக்கும். வாய் அடிப்புறத்தின் நடுவில் உள்ளது. மூளை கிடையாது, வாயைச் சுற்றி நரம்பு வளையம் உண்டு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒளியை உணரும் கண்புள்ளி இருக்கிறது.

நீர்க்குழல் மண்டலம்

மேற்புறத்திலுள்ள சல்லடைத் தட்டு கடல்நீர் உட்செல்லும் வாயிலாகும். அந்த நீர் குழல்கள் வழியாகக் கைகளின் அடியிலுள்ள நூற்றுக்கணக்கான குழாய்க்கால்களை அடைகிறது. நீரின் அழுத்தத்தால் அவை நீண்டும் சுருங்கியும் உடலை நகர்த்துகின்றன. இரையைப் பற்றுவதற்கும் சுவாசிப்பதற்கும் இவையே உதவுகின்றன.

உணவும் இனப்பெருக்கமும்

கடற்பஞ்சு, மென்பவளம், புழுக்கள், சிப்பிகள் போன்றவை இதன் உணவு. இரைப்பையை வாய் வழியே வெளியே நீட்டி, இரையின் மீது படரவிட்டுச் செரித்து உறிஞ்சுகிறது. ஆணும் பெண்ணும் தனித்தனி. இனச்செல்கள் நீரிலேயே இணைந்து, மிதந்து வாழும் இளவுயிரிகள் உருவாகின்றன. இளவுயிரி இருபக்கச் சமச்சீர் கொண்டது. முதிர்ந்தது ஐந்து ஆரச் சமச்சீர் பெறுகிறது. நட்சத்திர மீன்கள் இழந்த கையை மெதுவாக மீண்டும் வளர்த்துக்கொள்ளும்.

அச்சுறுத்தல்கள்

அழகுக்காக இது மீன்தொட்டி வணிகத்தில் விற்கப்படுகிறது. கடற்கரைச் சுற்றுலாத் தலங்களில் உலர்ந்த நட்சத்திர மீன்கள் அலங்காரப் பொருளாகவும் கிடைக்கின்றன. மீன்பிடி வலைகளிலும் இவை தற்செயலாகச் சிக்குகின்றன. நகர்வும் சுவாசமும் கடல்நீரையே நம்பியிருப்பதால், படம் எடுப்பதற்காக நீருக்கு வெளியே தூக்கி வைத்திருப்பதும் இவற்றுக்கு ஆபத்தே. நன்னீரில் வாழும் நட்சத்திர மீன் இனம் எதுவுமில்லை. எனவே குழாய்நீரில் இட்டுக் காப்பாற்றவும் முடியாது. கரையில் உயிருடன் காணப்பட்டால், ஈரக் கையால் மெதுவாக எடுத்து, உடனே கடல்நீரில் விடுவதே நல்லது.

பாதுகாப்பு

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடற்பகுதியும் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள கடற்புல் படுகைகள் நிலைத்திருந்தால்தான் இந்த உயிரினமும் நிலைத்திருக்கும்.