முகிலில் உள்ள கோப்புறை

எழுதுதலைப் போன்றே எழுதியதைக் காத்தலும் இன்றியமையாத செயலாகும். ஏட்டுச் சுவடிகள் வழங்கிய காலத்தில், ஒரே சுவடியில் இருந்த நூல் கறையானுக்கு இரையாயின், அந்நூல் உலகினின்றே மறைந்தது. பல படிகள் எடுக்கப்பெற்ற நூலோ நிலைத்து வாழ்ந்தது. இக்காலத்துக் கணினிக் கோப்புகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். கணினியின் வட்டு பழுதுற்றால், அதில் உள்ளவை யாவும் ஒருங்கே அழியக்கூடும். இவ்விடருக்குத் துணையாக வந்ததே முகில் சேமிப்பு.

முகில் என்பது உவமையால் வந்த பெயர். கோப்புகள் வானத்தில் தங்குவதில்லை; தொலைவிலுள்ள பெருங்கட்டடங்களில் இரவும் பகலும் இயங்கும் கணினிகளின் வட்டுகளில் தங்குகின்றன. அவற்றிற்கும் நம் கணினிக்கும் இடையே இணையம் வழியாக அமைகின்றது. 2008ஆம் ஆண்டில் டிராப்பாக்ஸும், 2012ஆம் ஆண்டில் கூகுள் டிரைவும் பொதுமக்களுக்கு இவ்வசதியை அளிக்கத் தொடங்கின.

கணினியிலுள்ள கோப்புகளைக் காணவும், படியெடுக்கவும், இடம் மாற்றவும் பயன்படும் செயலி கோப்பு மேலாளர் எனப்படும். முகிலிலுள்ள கோப்புகளையும் இதன் வழியாகவே, மற்றைக் கோப்புகளைப் போலத் திறந்து ஆளலாம். இஃது இருவகையில் நிகழும்.

முதல் வகை ஒத்திசைவு ஆகும். இதில் ஒரு படி நம் வட்டிலும், மற்றொரு படி முகிலிலும் இருக்கும். ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றிலும் தானே சென்று பதியும். இணையம் இல்லாதபோதும் கோப்பைத் திறக்கலாம். ஆனால், நம் வட்டில் இடம் செலவாகும்.

இரண்டாம் வகையில், கோப்பின் பெயர் மட்டுமே நம் கணினியில் தோன்றும். அதனைத் திறக்கும்போதுதான் உள்ளடக்கம் இணைய வழியாக வந்து சேரும். இடம் மிச்சமாகும்; ஆயினும் இணையம் இல்லாத ஊரில் அக்கோப்பு பெயரளவில் நிற்குமேயன்றித் திறவாது. லினக்ஸ் கணினிகளில் வழங்கும் குனோம், 2015ஆம் ஆண்டில் வெளிவந்த தன் 3.18ஆம் பதிப்பில், கூகுள் டிரைவைக் கோப்பு மேலாளரில் இவ்வாறே தோன்றச் செய்தது.

விண்டோஸ் கணினியிலுள்ள ஒன்டிரைவ் 2017ஆம் ஆண்டு முதல் இவ்விரு வகையையும் ஒரே கோப்புறையில் இணைத்தது. அங்கே கோப்பின் அருகில் நீலநிற முகிற்குறி இருப்பின், அது முகிலில் மட்டும் உள்ளது. பச்சை நிறச் சரிக்குறி இருப்பின், நம் கணினியிலும் உள்ளது. பயணம் செல்வோர் தமக்கு வேண்டிய கோப்புகளை முன்னதாகவே கணினியில் நிலையாக வைக்குமாறு பணித்துவிடுதல் நன்று.

இங்கு மாணவர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வட்டில் இடம் போதவில்லை என்று கருதி, ஒரு மாணவன் இக்கோப்புறையிலுள்ள தன் கட்டுரைகளை நீக்குகின்றான் என்று கொள்வோம். முகிலில் மூலம் பத்திரமாக இருக்கும் என்பது அவன் எண்ணம். ஆனால் அவன் காண்பது அம்மூலத்தின் வாயிலே ஆதலின், இங்கு நீக்கியது அங்கும் நீங்கிவிடும். இடம் வேண்டுவோர் கோப்பை நீக்காமல், ‘இடத்தை விடுவித்தல்’ என்னும் கட்டளையையே பயன்படுத்தவேண்டும். தவறி நீக்கிய கோப்பைக் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம். எனினும் அதற்கும் கால எல்லை உண்டு. கூகுள் டிரைவ் அதனை 30 நாட்கள் மட்டுமே வைத்திருக்கும்.

ஆகவே, ஒத்திசைந்த இரு படிகளும் காப்பு வகையில் ஒரே படியாகவே எண்ணத்தக்கவை. ஒன்றை நீக்கினால் மற்றொன்றும் உடன் நீங்கும். அரிய கோப்புகளுக்குத் தனி வட்டிலோ பென்டிரைவிலோ வேறொரு படி எடுத்து வைத்தல் வேண்டும். கோப்பு எங்கே உள்ளது என்பதை அறிந்து ஆள்பவனுக்கே முகில் உற்ற துணையாகும்.