யானையை வாங்குவோர் தீனிக் கணக்கையும் அறிதல் வேண்டும்

யானையைக் கட்டித் தீனி போடுவது எளிய காரியமன்று என்பர் நம் முன்னோர். யானை கட்டிய வளவுகள் இன்று நம்மிடையே அருகிவிட்டன. ஆயினும் அமெரிக்க நாட்டிலே இலட்சக்கணக்கான குடும்பத்தினர் தம் வாசலில் ஒரு யானையை நிறுத்தி வைத்திருக்கின்றனர். முழு அளவுப் பிக்கப் என அங்குள்ளோர் வழங்கும் பெரிய வண்டியே அந்த யானை. அதனை வாங்கும் நாளில் இல்லாத கவலை, இரண்டாம் முறை பெற்றோல் நிரப்பும் நாளிலே பிறந்துவிடுகிறது. “கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் ஒரு கலனுக்கு 22 மைல் என்றிருந்ததே, நமக்கு 18 மைல்தானே கிடைக்கிறது! நாம் ஏமாற்றப்பட்டோமா?” என்று கணவனும் மனைவியும் கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றனர். இக்கேள்வி நியாயமானதுதானா? புதிய வண்டி வாங்கியவர் எவ்வளவு மைலை எதிர்பார்க்கலாம்? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

நம் நாட்டு வீதிகளிலே ‘கெப்’ என்று நாம் அழைக்கும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மெக்ஸ் போன்றவை அமெரிக்கரின் கண்ணுக்கு நடுத்தர வண்டிகளே. போர்ட் எப்-150, செவ்ரலே சில்வராடோ, ராம் 1500 ஆகியனவே அங்கு முழு அளவினவாகக் கருதப்படுகின்றன. நான்கு கதவுகள் கொண்ட எப்-150 வண்டியின் நீளம் ஏறக்குறைய 5.9 மீற்றர், பக்கக் கண்ணாடிகளை நீக்கிப் பார்த்தாலும் அகலம் 2 மீற்றருக்குச் சற்று மேல். போர்ட் நிறுவனம் 1925ஆம் ஆண்டில் தன் ‘மொடல் ரி’ வண்டிக்குப் பின்புறம் சுமைப்பெட்டி பொருத்தி விற்கத் தொடங்கியது. 1948இல் எப் வரிசை பிறந்தது. 1977 முதல் அவ்வரிசையே அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் பிக்கப்பாக விளங்கி வந்திருக்கிறது.

ஆதியில் இவ்வண்டி கமக்காரருக்கும் கைவினைஞருக்கும் உரியதாயிருந்தது. இன்றோ பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதும் இதுதான். கடைக்குச் செல்வதும் இதுதான். விடுமுறையில் படகை இழுத்துச் செல்வதும் இதுதான். காரின் வேலையையும் லொறியின் வேலையையும் ஒரே வண்டி செய்வதால், அதன் எரிபொருட் கணக்கு ஒரே எண்ணுக்குள் அடங்குவதில்லை.

கண்ணாடித் தாளின் வரலாறு

1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபோது அமெரிக்காவிலும் பெற்றோலுக்கு நீண்ட வரிசைகள் தோன்றின. அதன் விளைவாக 1975இல் எரிபொருட் சிக்கனச் சட்டம் நிறைவேறியது. ஒவ்வொரு புதிய வண்டியும் கலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்பதை வாங்குவோர் கண்ணிற் படும்படி எழுதி ஒட்டுதல் வேண்டும் என்ற முறை இவ்வாறே வேரூன்றியது.

இந்த எண் வீதியிலே ஓட்டிப் பெறப்படுவதன்று. ஆய்வுகூடத்தில், உருளைகளின் மேல் சில்லுகள் சுழலும்படி வண்டியை நிறுத்தி, விதித்த வேகத்தில் விதித்த நேரம் இயக்கிப் பெறப்படுவது. நகரச் சோதனையில் வண்டி ஏறக்குறைய 11 மைல் ‘ஓடுகிறது’; சராசரி வேகம் மணிக்கு 21 மைல். பெருந்தெருச் சோதனையின் தூரம் 10 மைலுக்குச் சற்று மேல். சராசரி வேகம் 48 மைல். அதியுயர் வேகம் 60 மைலே. இச்சோதனை வகுக்கப்பட்ட நாளில் அது பொருத்தமாகவே இருந்தது. 1974 முதல் அந்நாடு முழுவதிலும் 55 மைலே வேக எல்லையாயிருந்தது. 1995இல் அந்த எல்லை நீக்கப்பட்டது. இன்று டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் 80 மைல் வேகத்தில் சட்டப்படியே செல்லலாம்.

தாளில் உள்ள மைல் வீதியிற் கிடைப்பதில்லை என்ற முறைப்பாடு புதியதன்று. அதனை ஏற்று, 1985ஆம் ஆண்டு வண்டிகள் முதல் நகரக் கணக்கில் நூற்றுக்குப் பத்தும், பெருந்தெருக் கணக்கில் நூற்றுக்கு இருபத்திரண்டும் குறைத்து எழுதலாயினர். 2008ஆம் ஆண்டு வண்டிகள் முதல் அதிவேக ஓட்டம், கோடையிற் குளிரூட்டியுடன் ஓட்டம், கடுங்குளிரில் ஓட்டம் என மேலும் மூன்று சோதனைகளின் பயனும் சேர்க்கப்பட்டது. ஆகவே இன்றைய எண் பழைய எண்ணைவிட நேர்மையானது.

எனினும் அது தவறே நேராத வேதவாக்கன்று. சோதனைகளில் பெரும்பாலானவற்றை உற்பத்தியாளரே நடத்துகின்றனர். அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் சிலவற்றையே மீண்டும் சோதிக்கிறது. 2012இல் ஹியுண்டாய், கியா நிறுவனங்களின் எண்கள் உயர்த்தி எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டு, ஏறக்குறைய ஒன்பது இலட்சம் வண்டிகளின் எண்கள் குறைக்கப்பட்டன. 2014இல் அந்நிறுவனங்கள் பத்துக் கோடி டொலர் தண்டம் செலுத்த இணங்கின. ஒரே இன வண்டி வாங்கிய எல்லோருக்கும் மைல் குறையுமாயின் எண்ணைச் சந்தேகிக்கலாம். நமக்கு மாத்திரம் குறையுமாயின் முதலில் நம் ஓட்டத்தையே சோதித்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். 2021ஆம் ஆண்டின் எப்-150 வண்டி, 2.7 லீற்றர் டர்போ எஞ்சினுடனும் பின்சில்லு இயக்கத்துடனும் வரும்போது நகரில் 20, பெருந்தெருவில் 26, இரண்டும் கலந்து 22 மைல் என மதிப்பிடப்பட்டது. அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், நம் பெரியோர் பழகிய ஆங்கிலக் கலனோ 4.546 லீற்றர். ஆதலால் அந்த 22 மைல் நம் பழைய கணக்கில் 26 மைலுக்குச் சற்று மேலாகும். லீற்றருக்கு 9 கிலோமீற்றருக்குச் சற்று மேலாகும். அதே வண்டியின் நான்கு சில்லு இயக்க ஹைபிரிட் இனத்துக்கு நகரிலும் பெருந்தெருவிலும் 24 மைல். நகரில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை அது மின்கலத்தில் மீட்டுக்கொள்கிறது. பெருந்தெருவில் எதிர்க்காற்றோடு பொருதிச் செலவழித்த சக்தியையோ எவ்வண்டியாலும் மீட்க முடியாது.

இன்னொன்றும் அறியத்தக்கது. முழுச் சுமையுடன் 8,500 இறாத்தலுக்கு மேல் நிறை மதிப்பிடப்பட்ட எப்-250, ராம் 2500 போன்ற கனத்த பிக்கப்புகளுக்கு இந்த மைல் தாளே தேவையில்லை. அவற்றை வாங்குவோர் பிறர் அனுபவத்தை மாத்திரமே நம்பியிருக்க வேண்டும்.

யானை உண்ணும் இடங்கள்

முதலாவது, வேகம். பிக்கப்பின் முகப்பு உயர்ந்தது, அகன்றது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். 60 மைலிலிருந்து 75 மைலுக்கு வேகத்தைக் கூட்டினால், வேகம் காற்பங்கே கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. தாளிலுள்ள பெருந்தெரு மைல் 80 மைல் வேகத்திற் கிடைக்குமென்று எதிர்பார்ப்பது வீண்.

இரண்டாவது, இழுவை. பின்னாலே வீடுபோன்ற உயர்ந்த கூண்டு வண்டியைப் பூட்டிச் சென்றால் மைல் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதுண்டு. டர்போ எஞ்சினின் இயல்பும் ஈண்டு நினைக்கத்தக்கது. சுமையில்லாதபோது அது சிறிய எஞ்சினாகச் சிக்கனம் காட்டும். சுமையேறியபோது பெரிய எஞ்சின்போல் உழைக்கும். அதற்கேற்பக் குடிக்கவும் செய்யும்.

மூன்றாவது, குளிரும் குறுந்தூரமும். வெப்பநிலை 25 பாகை செல்சியசிலிருந்து உறைநிலைக்கும் கீழே 7 பாகை வரை இறங்கினால், நகரக் குறும்பயணங்களில் மைல் நூற்றுக்குப் பதினைந்தளவு குறையும் என்பது அமெரிக்க அரசின் கணிப்பு. எஞ்சின் சூடேறு முன்பே பயணம் முடிந்துவிடுவதே காரணம். குளிருக்கு அஞ்சி வண்டியை நிறுத்தியபடியே இயக்கி வைத்திருப்போருக்கு, மணிக்குக் கால் முதல் அரைக் கலன் வரை ஒரு மைலும் ஓடாமலே செலவாகும்.

நான்காவது, சில்லு. கம்பீரத்துக்காகப் பெரிய, முரட்டு டயர்களை மாட்டுவோர் இருவகையில் நட்டமடைவர். உருளும் தடை மிகுவது ஒன்று. மற்றையது, தூரமானி பழைய சில்லின் அளவிலேயே எண்ணுவதால் உண்மையில் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவது.

ஐந்தாவது, ஓட்டுபவரின் கால். துள்ளிப் புறப்படுதலும் திடீரென நிறுத்துதலும் நெரிசல் வீதியில் நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது வரை மைலைக் குறைக்கக்கூடும். இதனை எந்தப் பொறியியலாளரும் திருத்த இயலாது.

புதிய வண்டிக்கே உரிய காரணமும் ஒன்றுண்டு. எஞ்சின் ஓடிப் பழகி இளகுவதற்கு 3,000 முதல் 5,000 மைல் வரை செல்லலாம். அதுவரை முழு மைல் கிடைக்காது. ஆகவே முதல் மாதக் கணக்கைக் கொண்டு விற்றவரைத் தூற்றுவது முறையன்று.

மைலை விடுத்துக் கலனை எண்ணுக

குடும்பப் பணப்பையைப் பொறுத்தவரையில், கலனுக்கு மைல் என்ற கணக்கே ஒரு மயக்கத்தைத் தருவதாகும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் என்ற இரு அறிஞர்கள் 2008இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் இதனை விளக்கினர். ஒரு வீட்டில் இரு வண்டிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 15,000 மைல் ஓடுகிறது. கலனுக்கு 30 மைல் ஓடும் காரை நீக்கி 50 மைல் ஓடும் கார் வாங்கினால், செலவு 500 கலனிலிருந்து 300 கலனாகும். மிச்சம் 200 கலன். 12 மைல் ஓடும் பழைய பிக்கப்பை நீக்கி 15 மைல் ஓடும் பிக்கப் வாங்கினாலோ, 1,250 கலன் 1,000 கலனாகும். மிச்சம் 250 கலன்! இருபது மைல் உயர்வினும் மூன்று மைல் உயர்வே பெரிதாயிற்று. பெருந்தீனி உண்பதன் தீனியைச் சற்றுக் குறைத்தாலும் பயன் பெரிதல்லவா?

இதனாலேயே 2013ஆம் ஆண்டு வண்டிகள் முதல் அமெரிக்கத் தாளில் 100 மைலுக்கு எத்தனை கலன் என்பதும் அச்சிடப்படுகிறது. நம் உறவினர் பலர் வாழும் கனடாவில் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்பதே வழக்கம். பணப்பைக்கு உகந்த கணக்கு இதுவே.

நாம் தொடக்கத்திற் கண்ட தம்பதியரின் கணக்கைப் பார்ப்போம். 15,000 மைலுக்கு, கலனுக்கு 22 மைல் வீதம் 682 கலன் தேவை. 18 மைல் வீதம் 833 கலன். கலன் 3 டொலர் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 450 டொலர் மேலதிகச் செலவு. வண்டியின் தவணைப் பணத்தோடு பார்த்தால் இது குடும்பத்தை வீழ்த்தும் தொகையன்று. ஆனால் முன்கூட்டி ஒதுக்காதவருக்கு மாதந்தோறும் மனத்தாங்கலைத் தரும் தொகை.

ஒரு கொப்பி போதும்

உண்மையை அறியும் வழி எளிது. தாங்கியை நிரப்பி, தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய மைலை, ஊற்றிய கலனால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நிரப்பியதைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. பம்ப் முன்பின்னாக நின்றுவிடக்கூடும். ஒரு கலன் வேறுபட்டாலும் விடை மாறிவிடும். ஐந்தாறு முறை நிரப்பியவற்றைச் சேர்த்துச் சராசரி காண்பதே சரி. ஓட்டுநர் முன்னுள்ள திரை காட்டும் மைல் சில வண்டிகளில் சற்றுத் தாராளமாகவே இருக்கும். ஆதலின் கொப்பிக் கணக்கே மேல். ஒவ்வொரு முறையும் நகரமா, பெருந்தெருவா, சுமை இழுத்தோமா என்பதையும் ஒரு சொல்லில் எழுதிவைத்தால் குறைவுக்குக் காரணம் தானே புலப்படும். டயரின் காற்றையும் மாதம் ஒருமுறை பார்த்துவைப்பது நலம்.

நம் நாட்டவருக்கு இக்கணக்கு அந்நியமானதன்று. 2022 ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றரே கிடைத்தது. அந்தப் பங்கீட்டில் மேற்கூறிய பிக்கப், தாளிலுள்ள மைலையே தந்தாலும், வாரத்துக்கு 187 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிராது. அதற்கோ 136 லீற்றர் கொள்ளும் தாங்கியும் விருப்பத்துக்கேற்ப உண்டு! வரிசையில் இரவு பகலாய் நின்ற நாம், ஒரு லீற்றரின் அருமையை எவரும் சொல்லாமலே கற்றுக்கொண்டோம்.

ஆகவே, அமெரிக்காவில் எப்-150 வாங்குபவராயினும் சரி, இங்கு கெப் வாங்குபவராயினும் சரி, வண்டியைத் தெரிந்தெடுக்கும்போது ஒன்றையொன்று ஒப்பிடத் தாளிலுள்ள எண்ணைப் பயன்படுத்தலாம். வீட்டுச் செலவுக்குப் பணம் ஒதுக்கும்போதோ, நம் வீதி, நம் சுமை, நம் வேகம் ஆகியவற்றை எண்ணி அதிலிருந்து சில மைல்களைக் குறைத்தே ஒதுக்குதல் வேண்டும். பின்னர் மைல் கூடிவந்தால் அது மிச்சம். வாரத்தில் ஆறு நாள் வெறும் பெட்டியோடு ஓடப்போகும் வண்டிதானா நமக்கு வேண்டியது என்ற கேள்வியையும், கையொப்பமிடு முன்னரே கணவனும் மனைவியும் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்வது நன்று.