ஒரே தமிழ், இரண்டு வழி

தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதிய யாழ்ப்பாணக் கிராணியும், விடியுமுன் பெரட்டில் நின்ற உங்கள் தாத்தாவும் பேசியது தமிழ்தான். பிறகு ஏன் அவர் பேரன் டாக்டரானான், உங்கள் அப்பா பால்வாளி தூக்கினார்?

"அவர்களுக்கு மூளை அதிகம்" என்பார்கள். நான் ஒப்ப மாட்டேன். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823-லேயே அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கிவிட்டார்கள். அப்படி வளர்ந்த இங்கிலீஷ் படிப்போடு வந்தவர்களுக்கு ரயில்வேயில் எழுத்து வேலை, பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ் கிடைத்தன. கோலாலம்பூரில் 1893 முதல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனும் இருந்தது. பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போகலாம்.

நம்மவர்கள் வந்தது கங்காணியின் முன்பணக் கடனோடு. தோட்டப் பள்ளியில் தமிழ் மட்டும். பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார்! 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். சைக்கிளில் உட்காரவே போராடியவர் பிள்ளையை எப்படிக் காலேஜுக்கு அனுப்புவார்?

சில வருஷங்களுக்கு முன், ஆறாம் வகுப்பு முடித்த என் மாணவி ஒருத்தியைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு முறை போய்ப் பேசினேன். மூன்றாம் முறை போனபோது, புதுச் சீருடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.